லயத்துல இருந்து லியோனுக்கு

நாலு வருஷத்துக்கு அப்புறம் பிரான்ஸ்ல இருந்து வீட்டுக்கு வந்திருக்கேன், மூணு வாரம் லீவு. இத எழுதுறது எங்க வீட்டு இஸ்தோப்புல, அதான் முன் திண்ணையில ஒக்காந்து. இலங்கை மலைநாட்டுல ஹட்டன் டவுன்ல பஸ் ஏறி டிக்கோயா தாண்டி எறங்கி அங்கன இருந்து முக்கா மணித்தியாலம் நடந்தா எங்க லயம், தேயில தோட்டத்துல வேல செய்றவங்களுக்கு வரிசையா கட்டின வீடுங்க. காலையில இருந்து மழ விட்டு விட்டு பெய்யுது, எதிர்ல இருக்க மல தெரியல, அம்மா தேயில கொழுந்து எடுக்க போயிருச்சு, வந்த நாள்ல இருந்து அக்கம் பக்கத்து வீட்டுக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க, "பாரிஸ் எப்பிடி இருக்கு புள்ள?"ன்னு. பாரிஸ் இல்ல அத்த, லியோன்னு சொன்னா யாருக்கும் புரியல. பிரான்ஸ்னா பாரிஸ்தான்.

எங்க அப்பாயிக்கு, அப்பாவோட அம்மாவுக்கு, காது கொஞ்சம் மந்தம். நான் கெளம்புன வருஷம் ஊர் பேர சொன்னப்ப அதுக்கு 'லயன்'னு, அதாவது லயம்னு விழுந்திருக்கு. கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்துட்டு சொன்னிச்சு, "லயத்துல பொறந்து, கடல தாண்டி, லயத்துக்கே போறியா". அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அது மனசுலயே நின்னுபோச்சு. அங்க இருந்த நாலு வருஷமும் எதப் பாத்தாலும் அப்பாயி சொன்னது ஞாபகத்துக்கு வந்துரும். அதனாலதான் இத எழுதணும்னு தோணிச்சு.

லியோன்ல ரெண்டு ஆறு ஓடுது, ரோன், சோன். ரெண்டுக்கும் நடுவுல டவுன், பக்கத்துல ரெண்டு மல. மலன்னு நான் சொல்றது அவங்க கணக்குக்கு, நம்ம கணக்குக்கு அது ஒரு மேடு. ஒண்ணு ஃபூர்வியேர், உச்சியில வெள்ளையா பெரிய மாதா கோயில். மத்தது க்ரோவா ரூஸ், பழைய காலத்துல பட்டு நெசவு செஞ்சவங்க இருந்த மல. ஃபூர்வியேர கும்புடுற மலன்னும் க்ரோவா ரூஸ உழைக்கிற மலன்னும் அங்க சொல்வாங்க. பாரிஸுக்கு வேகக் கோச்சியில, அதான் ரயில்ல, ரெண்டு மணித்தியாலம், 1981ல இருந்து அந்த லைன் ஓடுது. நம்ம ஊர் கோச்சியில நாவலப்பிட்டியில இருந்து நானுஓயா வந்து சேர்ற நேரத்துக்குள்ள அவங்க நானூறு கிலோமீட்டருக்கு மேல போயிருவாங்க. ஆனா ஜன்னல தொறக்க முடியாது, யாரும் வடை கொண்டு வர மாட்டாங்க.

நான் லியோனுக்கு போன மொத வாரம் நடந்தத சொல்றேன். ரூமுக்கு கீழ ஒரு பாண் கட, பாண்னா பிரெட். உள்ள போனேன், மனப்பாடம் பண்ணி வச்சிருந்த மாதிரியே "ஒரு பகெத் குடுங்க"ன்னு, அவங்க நீள பாண, கேட்டேன். கடக்கார அக்கா அசையல. என்னயவே பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் தப்பா சொல்லிட்டேனோன்னு திரும்பவும் சொன்னேன். அப்பதான் மெதுவா, ஒவ்வொரு எழுத்தா, "போன்ஜூர் மதாம்"னு சொல்லிட்டு நின்னாங்க. நானும் "போன்ஜூர் மதாம்"னு சொன்னேன். ஒடனே மூஞ்சி மலர்ந்துபோச்சு, பாண் வந்துச்சு. அங்க வணக்கம் சொல்லாம எதையும் கேக்கக்கூடாது. கடக்குள்ள போனா போன்ஜூர், பஸ்ல ஏறுனா டிரைவருக்கு போன்ஜூர், எறங்குறப்ப நன்றிக்கு மெர்சி, டாக்டர்கிட்ட காத்திருக்க ரூமுக்குள்ள போனா அங்க ஒக்காந்திருக்க முன்ன பின்ன தெரியாத அத்தன பேருக்கும் ஒரே போன்ஜூர். மொதல்ல எனக்கு இது சும்மா ஒரு பழக்கம்னுதான் பட்டுச்சு. பெறகுதான் புரிஞ்சிச்சு, ஒருத்தர ஆளா மதிச்சுட்டுதான் அவருகிட்ட ஒண்ண கேக்கணும்ங்கிறாங்க.

படிக்கிற காலத்துல காலையில ஆறு மணிக்கு ஒரு ஆபீஸ் பில்டிங் கூட்டி தொடைக்கிற வேலைக்கு போனேன். வெளிநாட்டு ஸ்டூடன்ட் வருஷத்துக்கு 964 மணித்தியாலம் வேல செய்யலாம்னு சட்டம், அதுக்கு மேல முடியாது. இருட்டுக்குள்ள எந்திரிச்சு, தலையில தொப்பி, கையில கிளவ்ஸ், ட்ராம்ல நின்னுக்கிட்டே தூங்கி, போய் வாளிய எடுப்பேன். பனி எனக்கு புதுசு இல்ல, நுவரெலியா பக்கம் ஜனவரியில புல்லு மேல வெள்ளையா பனி ஒறைஞ்சு கொழுந்து கருகுறத பாத்து வளந்தவ. ஆனா அங்க டிசம்பர்ல எட்டு மணி வரைக்கும் விடியாது, அது ஒடம்ப விட மனச அதிகமா குளிர வச்சிச்சு.

எட்டு மணி போல ஆபீஸ் ஆளுங்க வர ஆரம்பிப்பாங்க. அதுல கோட்டு சூட்டு போட்ட ஒரு பெரியவர், அந்த எடத்துக்கே பெரிய ஆளுன்னு பெறகுதான் தெரியும், ஈரமா இருக்க தரைய பாத்துட்டு ஓரமா நின்னு, "போன்ஜூர் மதாம், நான் இப்ப நடக்கலாங்களா?"ன்னு கேட்டாரு. அந்த பாஷையில நீன்னு சொல்ல ஒண்ணு இருக்கு, நீங்கன்னு சொல்ல ஒண்ணு இருக்கு, நம்ம பாஷை மாதிரியேதான். என்கிட்ட அவரு நீங்கன்னுதான் பேசினாரு. வெளக்கமாறு கையில இருக்க பொம்பளகிட்ட. போறப்ப "போன் கூராஜ்"னு சொல்லிட்டு போனாரு. கஷ்டமான வேலையில இருக்கவங்கள பாத்து சொல்றது அது, நல்ல தைரியமா இருங்கன்னு அர்த்தம்.

அன்னைக்கு பாத்ரூம்ல போய் கொஞ்ச நேரம் நின்னேன். எங்கம்மா முப்பத்திரண்டு வருஷமா கொழுந்து எடுக்குது. நான் சின்னதா இருக்கப்ப மத்தியானம் கொழுந்து நிறுக்குற மடுவத்துக்கு ரொட்டி கொண்டு போவேன், அங்க இருவத்திமூணு வயசு இருக்குமா, மீசை கூட சரியா வராத, வேல வாங்குற ஒரு ஐயா எங்கம்மாவ "ஏய், இங்க வா, என்ன இது முத்தல் எல"ன்னு கூப்பிட்டது இன்னும் காதுல இருக்கு. அம்மா அவருக்கு "இல்லீங்க ஐயா"ன்னு பதில் சொன்னிச்சு. ரெண்டு பேரும் தமிழ்தான் பேசுனாங்க. பாஷையில நீங்க இருந்துச்சு, அது ஒரு பக்கமாத்தான் போச்சு. எல்லா தோட்டத்துலயும் எல்லாரும் அப்பிடின்னு நான் சொல்ல வரல, மரியாதையா பேசுற ஐயாமாரையும் பாத்திருக்கேன். ஆனா நம்ம லயத்து பொம்பளைங்களுக்கு நீங்கங்கிற வார்த்த கெடைக்கிறது இன்னைக்கும் அவ்வளவு லேசு இல்ல.

எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு எழுதினா பொய்யாயிரும். போன்ஜூர் சொல்றவங்க அதுக்கு மேல ஒரு வார்த்த பேச மாட்டாங்க. எதிர் வீட்டுல யார் இருக்காங்கன்னு எனக்கு ஒன்றர வருஷம் தெரியாது. இங்க காலையில நம்ம வீட்டு கூரையில பொக வரலன்னா பக்கத்து காம்பராக்காரங்க கதவ தட்டுவாங்க, "என்னக்கா, ஒடம்புக்கு முடியலையா?"ன்னு. அங்க எனக்கு நாலு நாள் காய்ச்ச, ஒருத்தரும் வரல. மேல் மாடியில தனியா ஒரு பாட்டி, எம்பது வயசுக்கு மேல, அவங்க மாடிப்படியில ஏறுற சத்தம் ரெண்டு நாளா கேக்கலன்னு நான்தான் போய் கதவ தட்டுனேன். தொறந்துட்டு என்னய பாத்து திகைச்சு போயிட்டாங்க, ஒண்ணும் ஆகல, கால் வலின்னு வீட்டுலயே இருந்திருக்காங்க. கையில கொண்டு போன தேங்கா ரொட்டிய குடுத்தேன், கட்ட சம்பல் வேணாம்னுட்டாங்க, ரொட்டிய வெண்ணெய் தடவி சாப்பிட்டாங்க. அதுக்கு அப்புறம் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அவங்க வீட்டுல எனக்கு தேத்தண்ணி. ஞாயித்துக்கெழம அங்க கட எல்லாம் பூட்டி ஊரே அமைதியா கெடக்கும், அந்த நாள தனியா தள்றதுதான் ரொம்ப கஷ்டம், அந்த பாட்டி இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்னு தெரியல.

தேத்தண்ணின்னதும் சொல்ல வேண்டியது இன்னொண்ணு இருக்கு. மொத தடவ ஒரு கஃபேயில தேத்தண்ணி கேட்டப்ப சின்ன கேத்தல்ல சுடுதண்ணியும், கோப்ப பக்கத்துல ஒரு பையும் வச்சுட்டு போனாங்க. பால் இல்ல. அந்த பையோட நூல் நுனியில சின்ன சீட்டு, அதுல 'சிலோன்'னு போட்டிருந்துச்சு. நம்ம நாடு பேர மாத்துனது 1972ல, ஆனா தேயில பெட்டியில இன்னும் நாம சிலோன்தான். அந்த பைய கையில வச்சு ரொம்ப நேரம் பாத்தேன். அதுல இருக்கது ரெண்டு கிராம் தூள். ஒரு கிலோ தூளுக்கு நாலர கிலோ பச்ச கொழுந்து வேணும்னு ஃபெக்டரியில வேல செஞ்ச எங்க மாமா சொல்வாரு, அப்பிடின்னா அந்த பைக்குள்ள ஒம்பது கிராம் கொழுந்து. எங்கம்மா கை ஒரு தடவ செடிக்குள்ள போய் வெளிய வந்தா அதுக்கு மேல இருக்கும். ரெண்டு எல ஒரு மொட்டு, கட்ட வெரலும் ஆள்காட்டி வெரலும் மட்டும் வேல செய்யும், கை நெறஞ்சதும் திரும்பி பாக்காமலே தோளுக்கு மேல கூடைக்குள்ள போட்டுரும். அந்த ரெண்டு வெரல் நுனியும் கருப்பு, தீபாவளிக்கு தேசிக்கா போட்டு தேச்சாலும் போகாது. ஒரு பை, ஒரு கேத்தல் சுடுதண்ணி, பில்லு 4 ஈரோ. 2024 செப்டம்பர்ல இங்க நாள் சம்பளம் 1350 ரூவான்னு வந்துச்சு, அதுவும் மாத்திப் பாத்தா கிட்டத்தட்ட அதே 4 ஈரோதான். அதே வருஷம் நவம்பர்ல பிரான்ஸ்ல ஆகக் கொறஞ்ச சம்பளம் மணித்தியாலத்துக்கு 11.88 ஈரோன்னு வந்துச்சு, பிடிக்கிறதெல்லாம் பிடிச்சு கையில ஒம்பது ஈரோ சொச்சம் நின்னுச்சு. அங்க என் ரூம் வாடகையே 450, அதனால நேரா ஒப்பிட முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனாலும் அன்னைக்கு அந்த தேத்தண்ணிய குடிக்க தொண்டையில எறங்கல.

இப்ப க்ரோவா ரூஸ் மல. அத பத்தி எழுதத்தான் ஒக்காந்தேன், வேற எங்கெங்கயோ போயிட்டேன். ஒரு சனிக்கெழம சந்தைக்குன்னு அங்க ஏறுனேன். டவுன்ல இருந்து மெட்ரோ போகுது, மல செங்குத்தா இருக்கதால தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்சிருக்காங்க, அத கடிச்சுக்கிட்டு ஏறும். மேல வீடெல்லாம் ஒரு மாதிரி, ஜன்னல் எல்லாம் ஆள் ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு. ஏன் இப்பிடின்னு கூட வந்த ப்ரெண்ட்கிட்ட கேட்டேன். ஜக்கார் தறின்னு ஒண்ணு, அது ரொம்ப ஒசரம், நாலு மீட்டர் கூரை இல்லாம வீட்டுக்குள்ள நிக்காது, அதனால தறிய கணக்கு வச்சுத்தான் வீட்ட கட்டினாங்கன்னு சொன்னா. மனுசங்க தறிக்கு பக்கத்துல, மேல மரத்தட்டு அடிச்சு அதுல தூங்கி, அங்கயே சமைச்சு, அங்கயே புள்ள பெத்து. அப்பிடியே நின்னுட்டேன். வேலைக்காக கட்டின வீடு, அதுல ஓரமா குடும்பம். பத்துக்கு பன்னெண்டு அடி காம்பராவுல ஏழு பேர் படுத்து எந்திரிச்ச எனக்கு இத யாரும் வெளங்கப்படுத்த வேண்டியதில்ல.

அந்த நெசவுக்காரங்கள கானூன்னு சொல்வாங்க. நெய்ஞ்ச துணிக்கு இவ்வளவுன்னுதான் கூலி, வெலைய போடுறது பட்டு யாவாரிங்க. 1831ல ஆகக் கொறஞ்ச கூலி இதுன்னு ஒரு பட்டியல் கேட்டாங்க, பேசி ஒத்துக்கிட்டாங்க, ஆனா யாவாரிங்கள்ல கொஞ்ச பேர் குடுக்க மாட்டோம்னுட்டாங்க. நவம்பர் மாசம் மலையில இருந்து எறங்கி டவுனயே பிடிச்சுட்டாங்க. கருப்பு கொடியில அவங்க எழுதி வச்சது, வேல செஞ்சு வாழணும், இல்ல சண்ட போட்டு சாகணும். பெறகு ராஜா பட்டாளத்த அனுப்பி டவுன திரும்ப எடுத்துக்கிட்டாரு, பட்டியலையும் ரத்து பண்ணிட்டாங்க. 1834ல திரும்பவும் எழும்புனாங்க, அந்த தடவ ரொம்ப பேர் செத்தாங்க.

தோத்துட்டாங்க, அது உண்ம. ஆனா இன்னைக்கு அந்த மலைக்கு போனா அவங்கதான் எங்க பாத்தாலும் இருக்காங்க. ஒரு பெரிய செவுத்துல, 1200 சதுர மீட்டர், அந்த பகுதியோட வீடு, படிக்கட்டு, கட, ஆளுங்க எல்லாத்தையும் வரைஞ்சு வச்சிருக்காங்க, 1987ல வரைஞ்சது. அதுக்கு அப்புறமும் ரெண்டு தடவ புதுசா வரைஞ்சிருக்காங்க, படத்துல இருந்த ஆளுங்களுக்கு வயசு ஏற ஏற படத்துலயும் வயச ஏத்தி வச்சு. பள்ளிக்கூட புள்ளைங்க வரிசையா வந்து டீச்சர் சொல்ல சொல்ல கேட்டு எழுதிக்கிட்டு போகுதுங்க. அந்த புள்ளைங்கள பாத்தப்ப எனக்கு முல்லோயா கோவிந்தன் ஞாபகம் வந்துச்சு. 1940 ஜனவரியில முல்லோயா தோட்டத்துல சம்பளம் கேட்டு நடந்த போராட்டத்துல பொலிஸ் சுட்டு செத்தவரு. நான் படிச்ச பள்ளிக்கூடத்துல அவரு பேர ஒரு நாளும் சொல்லித்தரல. 1867ல ஜேம்ஸ் டெய்லர்ங்கிற வெள்ளக்காரரு லூல்கந்துர தோட்டத்துல தேயில போட்டாருன்னு எல்லா புத்தகத்துலயும் இருக்கு, பரீட்சைக்கும் கேப்பாங்க. அவருக்கு அந்த காட்ட வெட்டி குழி தோண்டுனவங்க ஒருத்தரு பேர் கூட நமக்கு தெரியாது. கம்பளை டவுன் பக்கம் ஒரு பழைய லயத்துல தோட்டத் தொழிலாளருக்குன்னு மியூசியம் வச்சிருக்காங்க, அம்மி, கூட, பித்தள பாத்திரம்னு சேத்து வச்சு. கெளம்புறதுக்கு முன்னாடி தங்கச்சிய கூட்டிட்டு அங்க போகப்போறேன்.

டிசம்பர் எட்டாந்தேதி லியோன்ல வெளக்கு திருவிழா. 1852ல மாதா சிலைய மலையில வைக்கிற அன்னைக்கு சனங்க தாங்களா ஜன்னல்ல வெளக்கு ஏத்துனதுல ஆரம்பிச்சதாம். இப்ப பெரிய லைட் ஷோ எல்லாம் நடக்குது, லட்சக்கணக்குல ஆளுங்க வர்றாங்க, எனக்கு அந்த கூட்டம் வேணாம். எனக்கு பிடிச்சது பழைய முறைதான். சின்ன கண்ணாடி கோப்பைக்குள்ள மெழுகுதிரி வச்சு ஜன்னல் ஓரத்துல வரிசையா வைப்பாங்க. நம்ம கார்த்திக வெளக்கும் சில வருஷம் அதே வாரத்துல வரும். 2022ல ரெண்டு நாள் வித்தியாசம்தான். அந்த வருஷம் கார்த்திகைக்கு ஏத்தின வெளக்க எடுக்காம அப்பிடியே எட்டாந்தேதி வரைக்கும் வச்சிருந்தேன். மேல் மாடி பாட்டி கீழ எறங்கி வந்து என் ஜன்னல பாத்துட்டு, "உங்களுக்கும் இந்த பழக்கம் இருக்கா?"ன்னு கேட்டாங்க. இருக்குன்னேன். லயத்துல எண்ணெய்க்கு காசு இல்லாத வருஷம் அப்பாயி ஒரே ஒரு வெளக்கு ஏத்தி வாசப்படியில வைக்கும், அத அவங்களுக்கு சொல்ல என் பிரெஞ்சு அப்ப பத்தல.

நம்ம ஆளுங்கள பத்தியும் எழுதணும். பாரிஸ்ல லா ஷப்பேல் பக்கம் போனா தமிழ் கடையா இருக்கும். மொத தடவ போனப்ப ஒரு கடக்கார அண்ணன் என் பேச்ச கேட்டுட்டு, "தங்கச்சி இந்தியாவோ?"ன்னு கேட்டாரு. இல்லண்ணே, ஹட்டன்னு சொன்னேன். "ஓ, மலைநாடோ, அங்கயிருந்து இஞ்ச ஆக்கள் வாறது குறைவல்லோ"ன்னு சொல்லிட்டு ஒரு கட்டு கருவேப்பில சும்மா குடுத்தாரு. நல்ல மனுசன். ஆனா பிரெஞ்சுக்காரங்களும் இந்தியாவான்னு கேக்குறாங்க, தமிழாளும் இந்தியாவான்னு கேக்குறாரு, எரநூறு வருஷமா இலங்கையில இருக்க குடும்பம் நாங்க. பிரான்ஸ்ல விசா அட்டைய புதுப்பிக்க பேப்பர் சேக்குற ஒவ்வொரு தடவையும் அப்பாயி ஞாபகம்தான். 1948ல நம்ம ஆளுங்களோட பிரஜாவுரிமைய எடுத்துட்டாங்க, 1964ல இந்தியா, இலங்கை ரெண்டு நாட்டு பெரியவங்களும் ஒக்காந்து அஞ்சே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேர் இங்கன்னு பிரிச்சாங்க. அப்பாயியோட அண்ணன் இந்தியாவுக்கு போற கணக்குல விழுந்தாரு. ஹட்டன் ஸ்டேசன்ல கோச்சி ஏத்திவிட்டப்ப அழுத அழுக, அந்த கோச்சிக்கே ஒப்பாரி கோச்சின்னுதான் பேரு. அப்பாயி இன்னும் தன் ஐடென்டி கார்ட்ட பொலித்தீன் பையில சுத்தி தலகாணி ஒறைக்குள்ள வச்சிருக்கு. நானும் என் அட்டைய அப்பிடித்தான் வச்சிருக்கேன்னு இந்த தடவ காட்டுனேன், வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பி பாத்துட்டு, "பத்திரம்"னு ஒரு வார்த்த சொன்னிச்சு.

நேத்து ராத்திரி அடுப்படியில அம்மாகிட்ட அந்த ஆபீஸ் பெரியவரு கதைய சொன்னேன். இவ்வளவு நாள் போன்ல சொல்லல, கூட்டி தொடைக்கிற வேல செஞ்சேன்னா அம்மா வருத்தப்படும்னு. அம்மா வருத்தப்படல. "நீங்கன்னா சொன்னாரு?"ன்னு கேட்டுச்சு. ஆமாம்மா. "கூட்டுற ஆளயா?" ஆமாம்மா. ரொட்டிய திருப்பி போட்டுட்டு கொஞ்சம் கழிச்சு திரும்பவும் கேட்டுச்சு, "எல்லாரும் அப்பிடித்தானா, இல்ல அந்த ஆளு மட்டுமா?"

வெள்ளிக்கெழம கெளம்புறேன். பொட்டிய கட்ட ஆரம்பிச்சாச்சு, மொளகாத்தூள், கருவாடு, அப்பாயி இடிச்ச அரிசிமா, மேல் மாடி பாட்டிக்கு ஒரு கிலோ நல்ல தேயில. ப்ளேன்ல 30 கிலோ விடுவாங்க. அம்மா பக்கத்து வீட்டுல இருந்து கொழுந்து நிறுக்குற கொக்கித் தராச எரவல் வாங்கிட்டு வந்திருக்கு, இஸ்தோப்பு வளையில கட்டி தொங்கவிட்டிருக்கு. பொட்டிய மாட்டுறதுக்கு முன்னாடியே கையில ஒரு தூக்கு தூக்கி பாத்துட்டு முப்பத்தொண்ணு இருக்கும்னு சொன்னிச்சு, மாட்டி பாத்தா முள்ளு சரியா முப்பத்தொண்ணுல நிக்குது. ஒரு பை அரிசிமாவ வெளிய எடுத்தோம். அம்மா முள்ள பாத்துக்கிட்டே கேட்டுச்சு, "பொட்டிக்குன்னு எத்தன கிலோ கழிப்பாங்க?"

கழிக்க மாட்டாங்கம்மான்னு சொன்னேன். "கூடைக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒண்ணுன்னு இங்க கழிக்கிற மாதிரி இல்லையா?" இல்லம்மா, அங்க முள்ளு காட்டுறதுதான் கணக்கு. அம்மா தராச கழட்டி மடியில வச்சு தொடைச்சிக்கிட்டே, அப்ப அந்த அரிசிமாவ நீயே ஒரு வாய் சாப்பிட்டுட்டு போன்னு அடுப்ப பத்த வைக்க உள்ள போயிருச்சு.